புர்கினா ஃபாசோவை நாம் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்?

மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்கினா ஃபாசோவைப் பற்றி நம் காதில் விழும் செய்திகள் பெரும்பாலும் இரண்டு வகைதான்: ஆட்சிக் கவிழ்ப்பு, பயங்கரவாதத் தாக்குதல். 2022ஆம் ஆண்டில் மட்டும் ராணுவத்தினர் அங்கு இரண்டு முறை ஆட்சியைக் கைப்பற்றினர். செய்திகள் பொய்யல்ல. ஆனால், அவற்றோடு நின்றுவிட்டால் நமக்கு மிஞ்சுவது அனுதாபம் மட்டுமே. ஒரு நாட்டுக்காகப் பரிதாபப்படுமுன் அதன் நிலத்தையும் மக்களையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

வரைபடத்திலிருந்து தொடங்குவோம். ஏறத்தாழ 274,000 சதுர கிலோமீட்டர் பரப்பளவு கொண்ட இந்நாட்டுக்குக் கடற்கரையே இல்லை. மாலி, நைஜர், பெனின், டோகோ, கானா, ஐவரி கோஸ்ட் ஆகிய ஆறு நாடுகள் அதைச் சூழ்ந்துள்ளன. தலைநகர் வாகடூகுவிலிருந்து டோகோவின் லோமே துறைமுகத்துக்கு ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர். சிங்கப்பூரிலிருந்து பினாங்குக்குச் செல்லும் தூரத்தைவிட அது அதிகம். இறக்குமதியாகும் எரிபொருளும் அரிசியும் இயந்திரங்களும் அண்டை நாட்டுத் துறைமுகத்தில் இறங்கி, லாரியிலோ ரயிலிலோ எல்லையைக் கடந்து வரவேண்டும்.

துறைமுகத்தை நம்பி வளர்ந்த ஊரில் பிறந்த நமக்கு இதன் பொருள் எளிதில் விளங்காது. ஓர் எடுத்துக்காட்டு: 2002ல் ஐவரி கோஸ்ட்டில் உள்நாட்டுப் போர் மூண்டது. எல்லை மூடப்பட்டது. அபிஜான் துறைமுகத்தையும் வாகடூகுவையும் இணைக்கும் ரயில் சேவை நின்றது. சரக்குகளைக் கானா, டோகோ, பெனின் வழியாகத் திருப்பிவிட வேண்டியிருந்தது. ஐவரி கோஸ்ட்டின் தோட்டங்களில் தலைமுறைகளாக வேலை செய்துவந்த புர்கினா மக்கள் பெருந்திரளாக ஊர் திரும்பினர். பக்கத்து வீட்டுச் சண்டையால் தன் வீட்டு அடுப்பு அணையும் நிலை அது. கடல் இல்லாத நாட்டுக்கு அண்டை நாடுகளின் அமைதியும் ஒரு வாழ்வாதாரம்.

அடுத்தது பெயர். பிரெஞ்சு ஆட்சியிலும், 1960ல் சுதந்திரம் பெற்ற பின்னரும் இந்நாட்டின் பெயர் 'அப்பர் வோல்ட்டா'. ஓர் ஆற்றை வைத்து ஆட்சியாளர்கள் சூட்டிய பெயர் அது. 1984ல் அன்றைய தலைவர் தாமஸ் சங்காரா அதை மாற்றினார். 'புர்கினா' என்பது மூரே மொழிச் சொல், 'ஃபாசோ' ஜூலா மொழிச் சொல். இரண்டும் சேர்ந்தால் 'நேர்மையானவர்களின் நாடு' என்று பொருள். நாட்டு மக்களைக் குறிக்கும் 'புர்கினாபே' என்ற சொல்லின் ஈறு ஃபுல்ஃபுல்டே மொழியிலிருந்து வந்தது. ஏறத்தாழ 60 மொழிகள் பேசப்படும் நாட்டில், ஒரே மொழிக்கு உரிமை கொடுக்காமல் மூன்று மொழிகளைக் கோத்துப் பெயர் வைத்ததை நான் மிகவும் மதிக்கிறேன்.

அண்மைய அரசமைப்புத் திருத்தத்தில் பிரெஞ்சு, அதிகாரத்துவ மொழி என்ற தகுதியை இழந்தது. தேசிய மொழிகளுக்கு அந்தத் தகுதி கிடைத்துள்ளது. இது வரவேற்கத்தக்கது. ஆனால், பாடநூலும் ஆசிரியரும் இல்லாமல் தகுதி மட்டும் ஒரு மொழியை வகுப்பறைக்குள் கொண்டுவராது. வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி என்று வளரும் நமக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

மக்களிடையே இன்னோர் அழகான வழக்கம் உண்டு. சில இனத்தார் ஒருவரையொருவர் கேலி செய்ய உரிமை பெற்றவர்கள். மோசி இனத்தவரைச் சாமோ இனத்தவர் முகத்துக்கு நேரே கிண்டலடிக்கலாம். கோபப்படக் கூடாது. சண்டை முற்றாமல் தடுக்கும் பழைய ஏற்பாடு இது. இன்றைய வன்முறையில் ஃபுலானி இனத்தவர்மீது பரவும் சந்தேகம் இத்தகைய உறவுகளையே அரிக்கிறது. உயிரிழப்புகளைப் போல இதுவும் பேரிழப்புதான்.

இந்நாட்டவர் உதவிக்காகக் கையேந்திக் காத்திருப்பவர்கள் என்று நினைப்பதும் தவறு. வறட்சியால் இறுகிப்போன நிலத்தில் யாகூபா சவடோகோ என்ற விவசாயி, 'சாய்' எனப்படும் பழைய முறையைச் சீர்ப்படுத்தினார். மழைக்கு முன்பே சிறு குழிகள் தோண்டி எரு இடுவார். எருவைத் தேடி வரும் கரையான்கள் மண்ணைத் துளைக்கும். அந்தத் துளைகளில் மழைநீர் இறங்கித் தங்கும். பயிரும் மரமும் வளர்ந்தன. 2018ல் அவருக்கு 'ரைட் லைவ்லிஹூட்' விருது கிடைத்தது. பள்ளியே இல்லாத காண்டோ கிராமத்தில் பிறந்த பிரான்சிஸ் கெரே, ஊர் மக்களோடு சேர்ந்து களிமண் கற்களால் அங்கு ஒரு பள்ளியைக் கட்டினார். உயர்த்திய கூரைக்கு அடியில் காற்று புகுந்து வகுப்பறையைக் குளிர்விக்கிறது. கட்டடக்கலையின் உயரிய பிரிட்ஸ்கர் பரிசு 2022ல் அவருக்குக் கிடைத்தது. அதைப் பெற்ற முதல் ஆப்பிரிக்கர் அவர்.

அங்கே போகலாமா? இப்போதைக்கு வேண்டாம். பயணத்தைத் தவிர்க்குமாறு பல அரசாங்கங்கள் அறிவுறுத்துகின்றன. நிலைமை சீரானால், குளிர்ந்த, வறண்ட மாதங்களான நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். அப்போது சஹாராவிலிருந்து ஹர்மட்டான் காற்று புழுதியோடு வீசும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கட்டாயம். மலேரியா தடுப்பு மருந்தும் தேவை. கொஞ்சம் பிரெஞ்சு தெரிந்தால் நல்லது. யுனெஸ்கோ மரபுடைமைத் தளங்களான லோரோபெனி கற்கோட்டை இடிபாடுகளும், சித்திரச் சுவர்கள் கொண்ட டியேபெலே அரசவை வளாகமும் காணத்தக்கவை. ஈராண்டுக்கு ஒருமுறை வாகடூகுவில் நடக்கும் ஃபெஸ்பாக்கோ திரைப்பட விழா 1969லிருந்து ஆப்பிரிக்கத் திரையுலகை ஒன்றுகூட்டி வருகிறது.

பயணம் தள்ளிப்போகலாம். தெரிந்துகொள்வதைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. கடற்கரை இல்லாத வளரும் நாடுகள் என்று ஐக்கிய நாடுகள் சபை 32 நாடுகளைப் பட்டியலிடுகிறது. அவற்றில் பாதி ஆப்பிரிக்காவில் உள்ளன. அடுத்த முறை அவற்றில் ஒன்றின் பெயர் செய்தியில் வந்தால், திரையைத் தள்ளிவிடுமுன் வரைபடத்தைத் திறந்து மூன்று கேள்விகள் கேட்போம். அதன் சரக்கு எந்தத் துறைமுகம் வழியாக வருகிறது? மக்கள் வீட்டில் என்ன மொழி பேசுகிறார்கள்? அந்தப் பெயரை வைத்தது யார்?