புது மீன்களும் பையிலுள்ள பழைய நீரும்

பள்ளிகளிலும் விரிவாக்க நிலையங்களிலும் மீன்தொட்டி வைக்கும் வழக்கம் நல்லதே. ஆயினும், கொல்கத்தா முதலிய தொலைவூர்களிலிருந்து தருவிக்கப்பட்ட மீன்கள் வந்த அன்றோ மறுநாளோ மடிந்து மிதப்பதும், "சரக்கு மட்டம்" என்று அனுப்பியவர்மீது பழி விழுவதும் அடிக்கடி நேர்கின்றன. அப்பழியின் ஒரு பகுதி, பையைப் பிரித்த கையைச் சேர வேண்டியதாகும்.

பையைத் தொட்டியில் மிதக்கவிட்டு, வாயைத் திறந்து, தொட்டி நீரைச் சிறுகச் சிறுக ஒரு மணி நேரம் கலக்க வேண்டும் என்பதே பலரும் கற்பிக்கும் முறை. அண்டை வீதிக் கடையிலிருந்து அரை மணியில் வந்த மீனுக்கு இதனால் தீங்கில்லை. ஒரு நாளுக்குமேல் மூடிய பாலிதீன் பையில் பயணம் செய்த மீனுக்கோ இதுவே கேடாக முடியக்கூடும்.

பையில் பிராணவாயு நிரப்பப்பட்டிருப்பினும், மீன் வெளிவிடும் கரியமிலவாயு வெளியேற வழியில்லை. அது நீரிற் கரைந்து, பி.எச். அளவைத் தாழ்த்துகிறது. மீனின் கழிவாகிய அமோனியாவும் அந்நீரிலேயே சேர்கிறது, ஆனால் பி.எச். தாழ்ந்திருக்கும் வரையில் அதன் பெரும்பகுதி, நஞ்சு மிகக் குறைந்த அமோனியமாக அடங்கிக் கிடக்கிறது. பையைத் திறந்ததும் கரியமிலவாயு அகன்றுவிடுகிறது. தொட்டி நீரும் சேரவே பி.எச். ஏறுகிறது. 25 பாகை சென்டிகிரேடில், பி.எச். 7 ஆக உள்ளபோது மொத்த அமோனியாவில் நூற்றில் 1 பங்குக்கும் குறைவே நஞ்சு வடிவில் இருக்கும், பி.எச். 8 ஆயின் அது ஏறக்குறைய 5 பங்காகும். சிறுகக் கலக்கும் நீரால் நஞ்சு போதிய அளவு நீர்த்துப் போவதுமில்லை. அந்த ஒரு மணி நேரமும் மீன் அதிலேயே சுவாசித்துச் செவுள் புண்படுகிறது.

ஆகவே, பையைத் திறவாமலே கால் மணி முதல் அரை மணி வரை மிதக்கவிட்டு, உஷ்ணநிலையை மட்டும் சமப்படுத்த வேண்டும். பிறகு திறந்த உடனே மீன்களை வலையால் எடுத்துத் தொட்டியில் விட வேண்டும். பை நீர் தொட்டியிற் சேரலாகாது. (மாணவர் ஆவலோடு சூழ்ந்து நிற்கையில் அரை மணி காத்திருப்பது ஆசிரியருக்குக் கடினந்தான்!)

நீரின் கடினத்தன்மையும் உப்பும் பெரிதும் வேறுபடுமாயின் இவ்விரைவு மீனுக்கு அதிர்ச்சி தரும் என்பர். அது மெய்யே. எனினும் அதற்குப் பரிகாரம் பை நீரில் மீனை நிறுத்திவைப்பதன்று. அனுப்புவோரிடம் நீரின் தன்மையை முன்னரே கேட்டறிந்து, அதற்கிணங்கக் குளோரின் நீங்கிய நீரால் ஒரு தனித் தொட்டியை ஆயத்தம் செய்வதே முறை. சில வாரங்களில் அத்தொட்டியின் நீரைச் சிறிது சிறிதாக உள்ளூர் நீருக்கு மாற்றிக்கொள்ளலாம். நோய் கண்ட மீன் ஏதேனும் வந்திருந்தால் அதுவும் அங்கேயே தெரிந்துவிடும்.