ஜின் டானிக் மருந்தாமே?

மலேரியா வராம இருக்க வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குக் கொயினா கொடுத்தாங்களாம். கசப்பு தாங்காம சர்க்கரை, சோடா, எலுமிச்சை, ஜின் எல்லாம் கலந்து குடிச்சாங்களாம். அப்படிப் பிறந்ததுதான் ஜின் அண்ட் டானிக்காம். இந்தக் கதையை நீங்களும் எங்கயாவது படிச்சிருப்பீங்க. பக்கத்துல தொப்பி போட்ட துரை படம் கட்டாயம் இருக்கும்.

எனக்கு இந்தக் கதை மேல ரொம்ப நாளா கடுப்பு. எங்க கொல்லிமலை ஒரு காலத்துல மலைக்காய்ச்சலுக்குப் பேர் போன இடம். அந்தக் காய்ச்சலை ஒரு கிளாஸ் சரக்கு விரட்டுச்சுன்னா எப்படிங்க?

பி.காம். படிக்கிறவன் கணக்குப் போடாம விடுவானா? அமெரிக்காவுல டானிக் தண்ணியில லிட்டருக்கு 83 மில்லிகிராம் கொயினாதான் உச்சவரம்பு. மலேரியா வந்தவருக்கு மாத்திரையா கொடுக்கிறது ஒரு நாளைக்குச் சுமார் 1,800 மில்லிகிராம். அப்படின்னா தினமும் 21 லிட்டருக்கு மேல குடிக்கணும்! சரி, வராம தடுக்க அதுல ஆறுல ஒரு பங்கு போதும்னு வச்சுக்குவோம். அப்பவும் மூணரை லிட்டர். அதுக்குச் சேர்க்கிற ஜின்னை நினைச்சா காய்ச்சலே தேவலை :-)

டானிக் தண்ணிக்கு 1858ல காப்புரிமை வாங்கினவர் லண்டன்காரர் எராஸ்மஸ் பாண்ட். ஜின்னையும் டானிக்கையும் சேர்த்துச் சொல்ற பழைய குறிப்பு 1868ல வந்த 'ஓரியண்டல் ஸ்போர்ட்டிங் மேகசின்'ல இருக்கு. இந்தியாவுல குதிரைப் பந்தயம் முடிஞ்சு கிளம்புற ஆளுங்க கேட்டு வாங்கின பானம் அது. காய்ச்சல்காரன் எங்கே, ரேஸ் மைதானம் எங்கே!

செய்முறை ஒண்ணும் பிரமாதம் இல்லை. கிளாஸ் நிறைய ஐஸ், ஒரு பங்கு ஜின், ரெண்டு மூணு பங்கு டானிக், ஒரு துண்டு எலுமிச்சை. டானிக்கைக் கடைசியா மெதுவா ஊத்தணும், இல்லேன்னா கேஸ் போயிடும். (21 வயசு ஆகாத தம்பிகள் அடுத்த பத்திக்குத் தாவவும்.)

நிஜமான மருந்துக் கதை நம்ம ஊர்லயே இருக்கு. கிளெமென்ட்ஸ் மார்க்கம் ஏற்பாட்டுல தென்னமெரிக்காவிலிருந்து வந்த சிங்கோனாவை ஊட்டியில மெக்ஐவர் வளர்த்தார். தொட்டபெட்டாவுலயும், கூடலூர் போற வழியில நடுவட்டத்துலயும் தோட்டம் போட்டாங்க. அங்கே வேலை வாங்கப்பட்டவங்கள்ல கப்பல்ல கொண்டுவந்த சீனக் கைதிகளும் உண்டு. நடுவட்டத்துல அவங்களுக்குன்னு ஜெயிலே இருந்தது. அந்தப் பட்டையிலிருந்துதான் மருந்து. 1892ல வங்காளத்துல தபால் ஆபீஸ் மூலமா காலணாவுக்கு ஒரு பொட்டலம் கொயினா விக்க ஆரம்பிச்சாங்க. அப்புறம் மத்த மாகாணங்களுக்கும் அது பரவுச்சு.

ஏழை ஜனங்க கைக்குக் கொயினா போய்ச் சேர்ந்த வழி அந்தப் பொட்டலம்தான். ஜின் கம்பெனிக்காரங்க விளம்பரத்துல துரையை எடுத்துட்டு, தபால் ஆபீஸ் ஜன்னல்ல காலணாவோட நிக்கிற ஒரு விவசாயி படத்தைப் போடட்டும். பாட்டில் விக்காது, தெரியும். ஆனா கணக்கு சரியா வரும்.