விஜயதசமிக்கு ஒரு கீபோர்டு

விஜயதசமி என்றாலே குழந்தைக்கு ஏதாவது ஒரு வித்தையை ஆரம்பித்து வைக்க வேண்டும் என்ற எண்ணம் தாய்மார்களுக்கு வந்துவிடும். இந்தக் காலத்துக் குழந்தை, "எனக்குக் கீபோர்டு வேண்டும்" என்கிறது. நல்ல ஆசைதான். ஆனால் கடைக்குக் கிளம்புமுன் எங்கள் அடுத்த வீட்டில் நடந்ததைக் கேளுங்கள்.

ஒரு நாள் மாலை அந்த வீட்டு அம்மாள் தன் 9 வயதுப் பெண்ணைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்தாள். "இந்த அநியாயத்தை நீங்களே கேளுங்கள்! மூவாயிரம் ரூபாய் போட்டு வாங்கிக் கொடுத்தேன். ஆறு மாதமாகக் கற்றுக்கொள்கிறாள். விரலில் அழுத்தமே இல்லையாம், வீட்டில் பழகுவதில்லை போலிருக்கிறது என்கிறார் டீச்சர். போதும், நிறுத்திவிடப் போகிறேன்" என்றாள். பெண் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

எனக்குச் சந்தேகம் தட்டியது. போய்ப் பார்த்தேன். ஒரு கட்டையை மெதுவாகத் தொட்டேன், ஒரு சத்தம். ஓங்கி அடித்தேன், அதே சத்தம்! குற்றம் பெண்ணிடம் இல்லை, பெட்டியிடம்.

1700-ஐ ஒட்டி இத்தாலியில் கிறிஸ்டோஃபோரி என்பவர் பியானோவை உருவாக்கியபோது, மெல்லவும் வாசிக்கலாம், உரக்கவும் வாசிக்கலாம் என்பதே அதன் பெருமை. 'பியானோ' என்ற சொல்லுக்கே 'மெல்ல' என்றுதான் பொருள். அதில் சுத்தியல் தந்தியைத் தட்டுகிறது. இன்றைய மின்னணு வாத்தியத்தில் சுத்தியலும் இல்லை, தந்தியும் இல்லை. கட்டை எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று அளந்து சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிறது. இதற்கு 'டச் ரெஸ்பான்ஸ்' என்று பெயர். இது இல்லாத பெட்டியில் ஆறு வருஷம் பழகினாலும் விரலுக்கு நயம் வராது.

பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். காஸியோ சிடி-எஸ்200, சிடி-எஸ்300 இரண்டும் அக்கா தங்கை மாதிரி. ஆனால் 300-இல்தான் இந்த வசதி உண்டு. யமஹாவிலும் அப்படியே: பிஎஸ்ஆர்-இ273-இல் இல்லை, இ373-இல் உண்டு. ஆகவே பெயரை மட்டும் பார்த்து வாங்காமல், கடையிலேயே மெல்லவும் ஓங்கியும் தட்டிப் பாருங்கள். வித்தியாசம் தெரியாவிட்டால், வசதியே இல்லையா, அணைத்து வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.

கைப்பையில் தையல் டேப்பையும் போட்டுக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த 7 வெள்ளைக் கட்டைகளை அளந்தால் ஏறத்தாழ 6½ அங்குலம் இருக்க வேண்டும். வெகுவாகக் குறைந்தால் அது சிறு கட்டை வாத்தியம். அதில் பழகிய விரல் பெரிய வாத்தியத்தில் தடுமாறும். மொத்தம் 61 கட்டைகளாவது இருக்கட்டும். ஹெட்போனுக்கும் கால் பெடலுக்கும் துளை இருக்கிறதா என்று பாருங்கள். 400 குரல், 100 தாளம் என்று கடைக்காரர் அடுக்கினால் மயங்காதீர்கள். குழந்தைக்கு வேண்டியது ஒரு நல்ல பியானோக் குரல்.

விலை? டச் ரெஸ்பான்ஸ் உள்ள 61 கட்டைக் கீபோர்டு இப்போது ஏறக்குறைய 12,000 ரூபாயிலிருந்து 20,000 ரூபாய்க்குள் கிடைக்கும். ஸ்டாண்டுக்கும் சேர்த்துப் பணம் எடுத்து வையுங்கள். தரையில் வைத்துக் குனிந்து வாசித்தால் முதுகும் கெடும், மணிக்கட்டும் கெடும். முழங்கை கட்டைகளின் மட்டத்தில் இருக்க வேண்டும்.

88 கட்டைகளும் உண்மைப் பியானோவின் கனமும் உள்ள டிஜிட்டல் பியானோ 40,000 ரூபாயை ஒட்டித் தொடங்குகிறது. எடையும் அதிகம். அவசியமா என்பதை டீச்சரிடம் முதலிலேயே கேளுங்கள். லண்டன் டிரினிட்டி கல்லூரிப் பரீட்சைகளில் கீபோர்டு தனி, பியானோ தனி. பியானோப் பரீட்சைதான் குறி என்றால், கொஞ்சம் பொறுத்துப் பணம் சேர்த்து டிஜிட்டல் பியானோவாகவே வாங்குவது லாபம்.

குழந்தை கர்நாடக சங்கீதம் கற்கிறதா? கட்டை வாத்தியத்தில் கமகம் பிடிப்பது கஷ்டம். இந்தக் குறையைச் சொல்லித்தான் அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஹார்மோனியத்தை ஒதுக்கி வைத்திருந்தது. சுவரஸ்தானம் தெரிந்துகொள்ளக் கீபோர்டு உதவும்; பாட்டு வாத்தியாரின் இடத்தை அது பிடிக்காது.

பழையது வாங்குவதும் தவறில்லை. ஆனால் கறுப்பு, வெள்ளை எல்லாக் கட்டைகளையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, பாட்டரி அறையில் கசிவு இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வீட்டு அம்மாளுக்கு அப்படி ஒரு பழைய கீபோர்டுதான் கிடைத்தது. அது வந்த அன்று பெண் ஒரு கட்டையை மெல்லத் தொட்டாள். பிறகு அழுத்தித் தொட்டாள். அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். "உன்னை வீணாகத் திட்டிவிட்டேனடி" என்று அம்மாள் அவளை அணைத்துக்கொண்டாள்.

இப்போது இரவு வேலையெல்லாம் முடிந்த பிறகு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு பெண்ணின் பாடத்தை அம்மாளே ரகசியமாக வாசித்துப் பார்க்கிறாள் என்று கேள்வி. சகோதரிகளே, வாங்கும்போது இதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆரம்பப் பாடம் குழந்தைகளுக்கு மட்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை!