காம்பவுண்டுச் சுவரும் கட்டடக்கலைதான்

கட்டடக்கலை பற்றியும் நகர வடிவமைப்பு பற்றியும் எழுதுகிறவர்கள் இப்போது நிறையப் பேர். பேராசிரியர்கள், பெயர் பெற்ற ஆர்க்கிடெக்டுகள், நகரமைப்பு வல்லுநர்கள். கோவை கணபதியில் ஒரு சின்ன அலுவலகத்தில் வீட்டு பிளான் வரைந்து பிழைப்பவன் என்ற முறையில் நான் அவர்களை விடாமல் படிக்கிறேன். மேற்கு வெயிலை எப்படித் தடுப்பது, சுண்ணாம்புப் பூச்சு ஏன் நல்லது, பழைய வீட்டு மரங்களை எப்படி மறுபடி பயன்படுத்துவது என்று கற்றுக்கொண்டது அதிகம். ஆனால் எங்கள் மாவட்டத்தில் 17 உயிர்களைக் கொன்ற ஒரு கட்டுமானத்தைப் பற்றி அவர்களில் யாரும் எழுதி என் கண்ணில் பட்டதில்லை.

2019 டிசம்பர் 2. மேட்டுப்பாளையம் நடூர். விடிவதற்கு முன், கொட்டிய மழையில், ஒரு வசதியான வீட்டின் காம்பவுண்டுச் சுவர் பக்கத்திலிருந்த ஆதிதிராவிடர் குடியிருப்பின் ஓட்டு வீடுகள் மேல் சரிந்தது. தூங்கிக்கொண்டிருந்த பெண்களும் குழந்தைகளும் உட்பட 17 பேர் செத்தார்கள். எல்லோரும் தலித்துகள். நீதி கேட்டுத் திரண்டவர்களைப் போலீஸ் அடித்து இழுத்துப்போய்ச் சிறையில் வைத்தது. சுவரின் சொந்தக்காரர் கைதானது அதற்குப் பிறகுதான்.

அப்போது ஒரு விவாதம் நடந்தது, நினைவிருக்கும். அது தீண்டாமைச் சுவர் என்று மக்கள் சொன்னார்கள். இல்லை, எல்லா வீட்டுக்கும் இருப்பது போன்ற வெறும் காம்பவுண்டுதான், மழையால் விழுந்துவிட்டது என்று மற்றவர்கள் சொன்னார்கள். தொழில் தெரிந்தவர்கள் வாய் திறந்திருக்க வேண்டிய இடம் இதுதான். அவர்கள் திறக்காததால் எனக்குத் தெரிந்ததை நான் சொல்கிறேன்.

பிளான் போட வரும் எவரும் காம்பவுண்டு அய்ந்தடி, ஆறடி என்றுதான் கேட்பார்கள். ஆடு மாடு ஏறாது, தெருவில் போகிறவர் எட்டிப் பார்க்க முடியாது, செலவும் கட்டுப்படும். திருட்டுப் பயம் அதிகம் என்றால் ஏழெட்டு அடி, மேலே கண்ணாடிச் சில்லு. நடூர் சுவர் சுமார் 20 அடி என்று அன்றைய செய்திகள் எழுதின. அது இரண்டு மாடி உயரம். இந்த உயரத்தைத் திருடனை வைத்து விளக்க முடியாது. பக்கத்தில் இருக்கிறவர்கள் கண்ணிலேயே படக்கூடாது, அவர்கள் குரலும் அடுப்புப் புகையும் இந்தப் பக்கம் வரக்கூடாது என்று நினைக்கிறவருக்குத்தான் அது தேவைப்படும். ஒரு சுவரின் நோக்கத்தை அறியச் சொந்தக்காரரின் மனதுக்குள் புக வேண்டியதில்லை. அதன் அளவே சொல்லிவிடும்.

அடுத்தது கணக்கு. உயரம் கூடக்கூட அடி அகலம் கூட வேண்டும். இடையிடையே தூணோ முட்டோ வேண்டும். பின்பக்கம் மண் இருந்தால் ஈரம் கோத்த மண் சுவரைத் தள்ளும், அந்த நீர் வடியத் துளைகள் விட வேண்டும். இவை டிப்ளமோ படித்தவனுக்கே தெரிந்த பாடம். நடூர் மக்கள், சுவருக்குத் தாங்கு தூண் இல்லை என்றார்கள். அது ஆபத்தாக இருக்கிறது என்று முன்பே முறையிட்டதாகவும் சொன்னார்கள். அவர்களுடைய கண்பார்வைக்கு இருந்த பொறியியல் அறிவு அதைக் கேட்டுக்கொண்ட அலுவலகங்களுக்கு இல்லாமல் போனது.

மழைமேல் பழி போட்டவர்களிடம் இன்னொன்றும் கேட்க வேண்டும். மழை இரண்டு பக்கமும்தான் பெய்தது. சுவர் தாழ்ந்த பக்கமாகத்தான் சரியும். தாழ்ந்த பக்கத்தில் யார் படுத்திருப்பார்கள் என்பது அந்தச் சுவர் எழும்புவதற்கு எத்தனையோ தலைமுறைகளுக்கு முன்பே முடிவானது. தமிழ்நாட்டில் எத்தனை காலனிகள் ஓடைக்கரையிலும் பள்ளத்திலும் மயானத்துக்குப் பக்கத்திலும் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். மழை வந்தால் தண்ணீர் எங்கே போய் நிற்கும் என்பதை ஊரின் லேஅவுட் ஏற்கெனவே எழுதிவைத்திருக்கிறது.

இந்த லேஅவுட்டுக்குச் சாத்திரமே உண்டு. இன்று "பாரம்பரிய அறிவு" என்று சிலர் தூக்கிப் பிடிக்கும் மயமதத்தைப் புரட்டிப் பாருங்கள். நிலத்தின் நிறத்தையும் மணத்தையும்கூட அது வருணவாரியாகப் பிரிக்கிறது. பார்ப்பனருக்கு வெள்ளை நிலம், சூத்திரருக்குக் கறுப்பு. சண்டாளருக்கு ஊருக்கு வெளியே, தொலைவில். வாஸ்து என்றால் சமையலறை எந்த மூலை என்பது மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டு வருகிற வாடிக்கையாளர்களைத் தினமும் பார்க்கிறேன்.

கொங்குத் தொட்டிக்கட்டு வீட்டைப் பற்றி எழுதாத கட்டடக்கலை எழுத்தாளர் குறைவு. நடுவில் தொட்டி, நாலு பக்கமும் தாழ்வாரம், ஆசாரத்தின் மரத்தூண்கள், வெளியே அகலமான திண்ணை. வழிப்போக்கரும் வந்து உட்காரலாமாம், அதனால் திண்ணை ஒரு "சனநாயக வெளி"யாம்! அந்த வீட்டின் தோட்டத்தில் பாடுபட்ட அருந்ததியர் பண்ணையாள் அந்தத் திண்ணையில் எப்போது உட்கார்ந்தார்? வாசலுக்கு வெளியே நின்று கூப்பிட்டுவிட்டு, பொடக்காளிப் பக்கம் சுற்றிப்போய், கொட்டாங்குச்சியில் ஊற்றியதைக் குடித்தவர் அவர். அவருடைய வளவு ஊர் எல்லைக்கு அப்பால். தொட்டிக்கட்டு வீட்டின் தரைப்படத்தை வரைகிறவர்கள் அவர் நடந்த வழியையும் ஒரு கோடாக வரைந்தால் படம் முழுமையாகும். கிராமத்தைக் கொண்டாடியவர்களுக்கு அம்பேத்கர் 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையிலேயே பதில் சொல்லிவிட்டார். நமது ஆர்க்கிடெக்டுகளுக்கு அந்தப் பேச்சு இன்னும் போய்ச் சேரவில்லை.

இது பழைய கதை என்பவர்கள் எங்கள் அலுவலகத்துக்கு ஒருநாள் வரலாம். 1,500 சதுர அடி வீடு. வங்கிக் கடனில் கட்டுகிறார்கள். "பாத்திரம் கழுவுற அம்மா ஹால் வழியா வர வேண்டாமுங்க, பின்னாடியே ஒரு படி, அங்கேயே ஒரு பாத்ரூம்" என்று கேட்டார்கள். வரைபடத்தில் அதற்கு "சர்வீஸ்" என்று பெயர். அந்த ஒரு சொல்லில் சாதி காணாமல் போய்விடுகிறது. சில பிளான்களில் யாரும் கேட்காமலே அந்தக் கதவு வந்துவிடும். போன வேலையிலிருந்து நகலெடுத்து ஒட்டிய கதவு அது.

நகரத்துக்கு வருவோம். 2016 சனவரியில் வெளியான முதல் 20 ஸ்மார்ட் சிட்டிகள் பட்டியலில் கோவையும் இருந்தது. வாலாங்குளமும் உக்கடம் பெரியகுளமும் அலங்கார விளக்கும் நடைபாதையுமாக மாறின. மாலையில் போனால் அழகாகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் வாலாங்குளம், முத்தண்ணன் குளக் கரைகளில் குடியிருந்த உழைக்கும் மக்கள் கீரணத்தத்துக்கும் மலுமிச்சம்பட்டிக்கும் அனுப்பப்பட்டார்கள். அடுக்குமாடி கொடுத்தது குடிசை மாற்று வாரியம். 2021 முதல் அதன் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். கீரணத்தம் எங்கள் சத்தி ரோட்டில் கணபதியைத் தாண்டி, சரவணம்பட்டியையும் தாண்டிப் போக வேண்டிய இடம். டவுனில் காலை ஆறு மணிக்குத் துடைப்பம் பிடிக்க வேண்டியவர் அங்கிருந்து எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்? குளக்கரை வடிவமைப்பைப் பாராட்டும் கட்டுரைகள் நீர்ப்பரப்பையும் பறவைகளையும் எண்ணுகின்றன. இந்த பஸ் நேரத்தை எண்ணுவதில்லை. குளத்தை மீட்டதில் எனக்குச் சண்டை இல்லை. குளத்தை ஆக்கிரமித்த அரசுக் கட்டடங்களும் பெரிய முதலாளிகளும் இருந்த இடத்திலேயே இருக்க, குடிசை மட்டும் ஏன் ஊர்க் கோடிக்குப் போனது என்பதுதான் கேள்வி.

இதெல்லாம் சமூகவியல், கட்டடக்கலை ஆகாது என்று ஒரு பதில் வரும். தென்னாப்பிரிக்காவைப் பற்றிப் பேசும்போது அப்படிச் சொல்வதில்லையே. 1950இல் வந்த குழுப் பகுதிகள் சட்டம், வெள்ளையர் பகுதிக்கும் கறுப்பர் பகுதிக்கும் நடுவே ரயில் பாதையையும் காலி நிலத்தையும் தடுப்பாக வைத்த நகரத் திட்டம், எல்லாம் உலகெங்கும் நகரமைப்பில் பேசப்படுகிற விசயங்கள். உத்தபுரம் சுவர் மட்டும் எந்தப் பாடத்தில் வரும்? 1989 கலவரத்தை ஒட்டி எழுப்பப்பட்டு, தலித்துகளின் வழியை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மறித்து நின்ற அந்தச் சுவரில் 2008 மே 6 அன்று ஒரு பகுதியை இடித்தார்கள். அதைச் சாத்தியமாக்கியது போராட்டம். எந்த வல்லுநர் அறிக்கையும் இல்லை.

மாற்று ஒன்றும் இல்லையா என்றால், நம் மாநிலத்திலேயே இருந்தது. 1998இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் கலைஞர் திறந்த முதல் பெரியார் நினைவு சமத்துவபுரம். 100 வீடுகள். 40 தலித்துகளுக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 மற்றவர்களுக்கு. சாதிக்கொரு தெரு கிடையாது. பின்னர் மாநிலம் முழுக்க இருநூறுக்கும் மேல் கட்டினார்கள். குறைகள் உண்டு, பராமரிப்பில்லாமல் பாழானவையும் உண்டு. ஆனாலும் சேரியையும் ஊரையும் ஒரே லேஅவுட்டில் போட்டுப் பார்த்த துணிச்சல் எந்த விருது வாங்கிய ஆர்க்கிடெக்டின் வரைபடத்திலும் எனக்குத் தென்படவில்லை. சண்டிகரில்கூட அரசு ஊழியர் வீடுகளைப் பதவி அடுக்குப்படிதான் பிரித்துக் கட்டினார்கள். சமத்துவபுரத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிட்டார்களா, எந்த வீடுகள் கைமாறின, யார் முதலில் வேலி கட்டினார்கள்? இருபத்தைந்து ஆண்டுக்கு மேலான அனுபவம் அளக்க ஆளில்லாமல் கிடக்கிறது.

இதைப் படிக்கிறவர்களில் ஆர்க்கிடெக்சரோ சிவிலோ படிக்கும் தோழர்கள் இருப்பீர்கள். கடைசி ஆண்டு தீசிசுக்குச் செட்டிநாட்டு வீட்டையே திரும்பவும் எடுக்காதீர்கள். டேப்பும் லெவல் கருவியும் எடுத்துக்கொண்டு நடூருக்குப் போங்கள். எந்த நிலம் எத்தனை அடி பள்ளம், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, ஊர் வீதியிலிருந்து காலனிக்கு எத்தனை வழி என்று வரையுங்கள். கோவையிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ரயிலும் உண்டு, பஸ்ஸும் உண்டு.