கண்ணாடி இழைக்கும் கைகளை முடக்காதீர்கள்

2026 நிதியாண்டுக்கென வெள்ளை மாளிகை 2025இல் முன்வைத்த நாசாவின் வரவு செலவுத் திட்டம், அறிவியல் பிரிவின் பணத்தை ஏறத்தாழ பாதியாக வெட்டச் சொன்னது. நிறுத்தப்படவிருந்த விண்கலங்களின் பட்டியலைப் பற்றியே எங்கும் பேச்சு எழுந்தது. பட்டியலில் வராத இன்னொரு வேலைக்கு விழும் அடிதான் நமக்குப் பொறுக்கவில்லை. விண்வெளித் தொலைநோக்கிகளுக்கு எடை குறைந்த கண்ணாடிகளை உருவாக்கும் வேலை அது.

அந்த வேலை எப்படிப்பட்டது என்று வெட்டச் சொன்னவர்கள் ஒருமுறையாவது கேட்டிருப்பார்களா? ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் 18 கண்ணாடிகளில் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 250 கிலோ பெரிலியக் கட்டியாகத்தான் பட்டறைக்குள் போனது. பின்புறத்தைத் தேன்கூடு போலக் குடைந்து, மெல்லிய விலா எலும்புகளை மட்டும் விட்டுவைத்து, சுமார் 20 கிலோவுக்குக் கொண்டுவந்தார்கள். உறைகுளிரில் உலோகம் சுருங்கும். இழைத்த வடிவம் கோணும். எனவே கண்ணாடியைக் குளிர்வித்து, கோணலை அளந்து, அந்தக் கோணலுக்கு நேர்எதிரான வடிவத்தை அறை வெப்பத்திலேயே இழைத்தார்கள். அப்போதுதான் விண்வெளிக் குளிரில் அது சரியாக உட்காரும். 2003இல் பெரிலியத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் மெருகேற்றி முடிக்க 2011 ஆயிற்று. இந்தக் கைத்திறனை ஓராண்டு மூடிவைத்து மறு ஆண்டு திறந்துகொள்ள முடியாது. ஆள் போனால் திறனும் போயிற்று.

அடுத்து வரவேண்டிய தொலைநோக்கி, வேற்றுச் சூரியன்களைச் சுற்றும் பூமிகளைத் தேடப்போவது. ஆறு மீட்டர் கண்ணாடி வேண்டும் என்று வானியலாளர்கள் 2021இலேயே பரிந்துரைத்தார்கள். முதலில் தொழில்நுட்பத்தை முதிரவையுங்கள் என்றும் சொன்னார்கள். அதன் கண்ணாடி பிகோமீட்டர் கணக்கில் அசையாமல் நிற்கவேண்டும். ஒரு மீட்டரை லட்சம் கோடி கூறிட்டால் ஒரு கூறு, அதுதான் பிகோமீட்டர். இதற்கான ஆய்வை இன்று பட்டினி போட்டுவிட்டு நாளை எதை வைத்துக் கட்டுவார்கள்?

பணப்பையைப் பிடித்திருப்பவர்களுக்கு இது பழகிய வழி. ஹப்பிள் தொலைநோக்கியை முழுமையாகப் பொருத்திச் சோதிப்பதற்குச் செலவாகும் என்று தவிர்த்தார்கள். கண்ணாடியின் விளிம்பு இரண்டு மைக்ரான் அளவுக்குக் கூடுதலாகத் தட்டையாகிப்போனது 1990இல் விண்ணுக்குப் போன பிறகே உலகுக்குத் தெரிந்தது. தவறைக் காட்டிய துணைச் சோதனைகள் முன்பே கையில் இருந்தன, ஆனால் அவை ஒதுக்கிவைக்கப்பட்டன. வெப்பின் கண்ணாடிகள் மெருகேறி முடிந்த அதே 2011இல், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் கீழவைக் குழு ஒன்று திட்டத்தையே கைவிடச் சொன்னது. நாசாவின் ரோமன் விண்வெளித் தொலைநோக்கியை 2019, 2020, 2021 என மூன்று நிதியாண்டுத் திட்டங்களில் அடுத்தடுத்து ரத்துசெய்யப் பார்த்தது வெள்ளை மாளிகை. ஹப்பிளின் கண்ணாடி அகலமே கொண்டு, எடையில் அதன் கால் பங்குக்கும் குறைவான 186 கிலோ கண்ணாடி அதற்குக் கிடைத்திருந்தது! ஆட்சிகள் மாறின, இந்தப் புத்தி மாறவில்லை. ஒவ்வொரு முறையும் இறுதியில் காங்கிரஸ் பணம் ஒதுக்கியதால்தான் வெப்பும் ரோமனும் பிழைத்தன.

இத்தகைய வெட்டைக் காங்கிரஸ் ஏற்கக்கூடாது. கண்ணாடி ஆய்வுக்கான பணத்தை ஆண்டுதோறும் நடக்கும் பேரத்திலிருந்து விலக்கிவைக்க ஏதேனும் ஒரு வழியை அது காணவேண்டும். அதை இந்த ஆண்டே செய்யவேண்டும்.