2.5 வோல்ற்றில் ஒரு நேர்கோடு

மொஸ்பெற்றுகளால் அமைந்த மூன்று நொட் படலைகளை வளையமாகத் தொடுத்து, 5 வோல்ற் வழங்கல் கொடுத்து, சுற்றுகளைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் எல்ரிஸ்பைஸ் மென்பொருளில் ஓடவிடுங்கள். சதுர அலையை எதிர்பார்த்த இடத்தில் மூன்று கணுக்களும் 2.5 வோல்ற்றை ஒட்டி, ஒன்றின்மேல் ஒன்றாக நேர்கோடு போட்டுக் கிடக்கும். உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு 2013 இல் தொடங்கியபின் இந்தக் காட்சி பாடசாலைக்கும் வந்தது. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது செய்முறை வகுப்புகளும் கணினிக்குள் குடிபுகுந்தன. மருதமுனையில் கற்பிப்பவர் முதல் ஒலுவில் பொறியியற் பீடத்தில் செயற்றிட்டம் பார்ப்பவர் வரை இந்த நேர்கோட்டைக் காணாதவர் குறைவாகவே இருப்பார்கள். மாணவன் “சேர், சொப்ட்வெயார் பிழை” என்பான். “ஒரு கணுவுக்கு ஆரம்பப் பெறுமானம் பூச்சியம் என்று போடு” என்போம். அலை வரும், பாடவேளை முடியும். ஆனால் அந்த நேர்கோடு நாம் கேட்ட கேள்விக்கான சரியான விடை. அதைப் படிக்காமல் கலைத்துவிடும் பழக்கம் சுற்றில் உள்ள உண்மையான பழுதையும் சேர்த்து மறைத்துவிடுகிறது என்பதே இவ்விதழில் நாம் சொல்ல வருவது.

பேர்க்லியில் நேகலும் பெடர்சனும் 1973 இல் வெளியிட்ட ஸ்பைஸும் அதன் வழிவந்த மென்பொருள்களும் நேரத்தை ஓடவிடுவதற்கு முன் ஒரு காரியம் செய்கின்றன. கொள்ளளவிகளைத் திறந்த சுற்றாக எடுத்துக்கொண்டு, எல்லா ஓட்டங்களும் சமப்படும் ஒரு நிலையைத் தேடுகின்றன. மூன்று படலை வளையத்தில் அப்படிப்பட்ட நிலை ஒன்றே ஒன்றுதான்: ஒவ்வொரு படலையின் உள்ளீடும் வெளியீடும் சமமாக இருக்கும் நடுப்புள்ளி. அங்கிருந்து நேரம் தொடங்குகிறது. நிஜச் சுற்றில் வெப்ப இரைச்சல் அந்தப் புள்ளியைக் கணத்தில் குலைத்துவிடும். வழக்கமான நேரப் பகுப்பாய்வில் இரைச்சலே இல்லை. ஆகவே சுற்று அசையக் காரணமும் இல்லை. “பெறுமானங்களைச் சற்று மாற்றிப் பார்” என்ற பரவலான ஆலோசனை இங்கே தனியே எடுபடாது. மாற்றிய சுற்றுக்கும் ஒரு சமநிலை உண்டு, மென்பொருள் அதையும் கண்டுபிடித்து அங்கேயே உட்கார்ந்துகொள்ளும்.

நிஜச் சுற்று ஓடுகிறதென்றால் திரையில் ஓடாதது மென்பொருளின் குறைதானே, ஆரம்பப் பெறுமானம் என்ற ஒரு உதை கொடுத்தால் என்ன என்று கேட்கலாம். வளைய அலையத்தைப் பொறுத்தவரை கேள்வி நியாயமானதே. இப்போது இரண்டு எல்ஈடிகளை மாறி மாறி மின்னச் செய்யும் இரு திரான்சிற்றர் பல்லதிரியை எடுத்துக்கொள்வோம். இதுவும் திரையில் அசையாமல் நிற்கும், ஆனால் காரணம் வேறு. இரண்டு திரான்சிற்றர்களும் ஒருங்கே நிரம்பல் நிலைக்குப் போய்விடுகின்றன. அந்த நிலையில் தடத்தின் நயம் ஒன்றுக்கும் கீழே. சிறு குழப்பம் எதுவும் பெருகாது, இரைச்சலைச் சேர்த்தாலும் பயனில்லை. இது பலகையிலும் நடக்கக்கூடியது. வழங்கல் மெதுவாக ஏறினால், அதாவது பெரிய கொள்ளளவி உள்ள அடப்டரில் போட்டால், இரண்டு எல்ஈடியும் சேர்ந்து எரிந்தபடி நின்றுவிடலாம். சுவிற்சைத் தட்டிப் போட்டால் ஓடும், அடுத்த நாள் நிற்கும். திருத்துபவரைப் படாதபாடு படுத்தும் பழுது இது. திரை அதை முன்கூட்டியே காட்டியது. ஆரம்பப் பெறுமானம் போட்டு நாம்தான் அழித்தோம். உதை இரண்டு சுற்றுகளையும் ஓடவைக்கும். ஒன்று தானாகப் புறப்படக்கூடியது, மற்றது புறப்படாமலும் போகலாம் என்ற வேறுபாட்டை அது சொல்லாது.

வேறுபாட்டைக் காட்டும் சோதனை எளிது. ஒரு கணுவில் கொள்ளளவைச் சற்றுக் கூட்டுங்கள், பிறகு வழங்கலைப் பூச்சியத்திலிருந்து ஏற்றுங்கள்: முதலில் ஒரு மைக்ரோசெக்கனில், அடுத்து நூறு மில்லிசெக்கனில். வளையம் இரண்டிலும் புறப்படும். பல்லதிரி வேகமான ஏற்றத்தில் புறப்பட்டு மெதுவான ஏற்றத்தில் நின்றுவிட்டால், வடிவமைப்பில் குறை இருக்கிறது.

நாற்பது நிமிடப் பாடவேளையில் இதற்கெல்லாம் நேரம் ஏது என்பார் ஆசிரியர். சமன்பாடு தீர்க்கும் முறையை மாணவனுக்கு விளக்கத் தேவையில்லை. வழங்கல் மூலத்தை நிலையான 5 வோல்ற்றிலிருந்து ஏறும் துடிப்பாக மாற்ற ஒரு நிமிடம் போதும். இன்னொரு தரப்பு, கணினியை மூடிவிட்டுப் பலகையில் கட்டிப் பார்க்கச் சொல்லும். கட்டத்தான் வேண்டும். ஆனால் எல்லாப் பாடசாலையிலும் அலைவுகாட்டி இல்லை. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் இருந்து வரவேண்டிய ஒரு ஐசி எரிந்தால் அந்த வாரச் செய்முறை போயிற்று. கைபட்டதாலோ வயர் ஆடியதாலோ பலகை ஓடிவிட்டால், எதனால் ஓடியது என்பது தெரியவே தெரியாது.

தூய இலக்கமுறை மென்பொருள்களில் நோயின் முகம் மாறுகிறது. வெரிலொக்கில் எல்லாக் கணுவும் அறியா நிலையில் தொடங்கும். அறியா நிலையைத் தலைகீழாக்கினாலும் அறியா நிலையே. வளையத்தில் ஒரு நொட் படலைக்குப் பதில் நன்ட் படலை வைத்து, அதன் மறு உள்ளீட்டைச் சற்று நேரம் பூச்சியத்தில் பிடித்திருந்துதான் அதைத் தொடக்க முடியும். லொஜிசிம் அதே வளையத்தை ஓயாத அலைவு என எச்சரித்து நிறுத்திவிடும். எல்ரிஸ்பைஸின் ஆயத்தத் தர்க்கப் படலைகளிலோ, நாம் எதையும் மாற்றாவிட்டால் வெளியீடு 0 முதல் 1 வோல்ற், தாமதம் பூச்சியம். 5 வோல்ற் தேடுபவர் 1 வோல்ற்றைக் கண்டு திகைப்பார். வளையத்தின் மீடிறனோ படலைத் தாமதத்தை மட்டுமே நம்பியிருப்பது. தாமதம் பூச்சியமானால் அங்கே கணிப்பதற்கு எதுவுமில்லை. நேரப்படி மிகச் சிறிதாகிவிட்டது என்று வரும் முறைப்பாட்டை மென்பொருளின் பலவீனம் என்று வாசிப்பவர்கள் தாம் கொடுக்க மறந்த தாமதத்தைத் தேட மாட்டார்கள்.

பளிங்கு அலையத்தில் அவசரமே பெரும்பாலும் எதிரி. கடிகாரப் பளிங்கின் 32,768 ஹேர்ட்ஸ் அலை நிலைபெற ஒரு செக்கன் அளவு எடுக்கலாம். பத்து மில்லிசெக்கன் ஓடவிட்டு ஓடவில்லை என்று முடிவுசெய்வது சுற்றுக்குச் செய்யும் அநியாயம். சுழற்சிக்கு ஐம்பது படி என்றாலும் ஒரு செக்கனுக்குப் பதினாறு இலட்சம் படிகளுக்கு மேல் வேண்டும். கணினி திணறுகிறதென்று படியைப் பெரிதாக்கினால், சில தொகையீட்டு முறைகள் இல்லாத தணிப்பை உண்டாக்கி, பிறக்கவேண்டிய அலையையே அமுக்கிவிடும்.

இனி இவ்விதழுக்கு அலையச் சுற்று அனுப்புவோர் அலைவடிவப் படத்துடன் மூன்று விவரங்களைச் சேர்த்து அனுப்பக் கேட்கிறோம்: சுற்று எப்படித் தொடக்கப்பட்டது, உச்ச நேரப்படி எவ்வளவு, அந்தப் படியைப் பாதியாக்கி மீண்டும் ஓட்டியபோது மீடிறன் எவ்வளவு மாறியது. ஆரம்பப் பெறுமானம் கொடுத்துத் தொடக்கியிருந்தால், வழங்கலை மெதுவாக ஏற்றிய ஓட்டத்தின் படமும் வேண்டும். அதில் நேர்கோடு வந்திருந்தாலும் அனுப்புங்கள், பிரசுரிப்போம்.