ஒத்தைப் பாட்டுக்காரர்களா இவர்கள்?

'மகரேனா' புகழ் லோஸ் டெல் ரியோ ஜோடியை 'ஒரே பாட்டோடு காணாமல் போனவர்கள்' என்று நக்கலடிக்கிறார்கள். யார் எழுதிய கணக்கு மக்களே இது?

ஸ்பெயினில் செவில் பக்கத்து ஊர்க்காரர்களான அந்தோனியோவும் ரஃபாயேலும் 1960களிலிருந்தே சேர்ந்து பாடுகிறவர்கள். 'மகரேனா' வந்தது 1993-ல். மியாமிக்காரர்கள் ஆங்கில வரிகள் சேர்த்து ரீமிக்ஸ் செய்தபிறகு, 1996-ல் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் 14 வாரம் முதலிடம்! அதற்கு முந்தைய முப்பது வருடப் பாட்டு அமெரிக்கக் காதில் விழவில்லை, அவ்வளவுதான்.

ஒரு கிளையின் லெட்ஜரில் ஒரே என்ட்ரி இருந்தால், கம்பெனியே ஒரே வியாபாரம்தான் செய்தது என்று எந்த ஆடிட்டராவது கையெழுத்துப் போடுவாரா? செவில் நகரைப் பற்றி இவர்கள் பாடியது ஸ்பெயினில் தனி ஹிட். கையை நீட்டி, இடுப்பை ஆட்டி உலகமே ஆடித் தீர்த்துவிட்டு, பாடியவர்களைக் கிண்டலடிப்பது என்ன நியாயம் சாமி?